மிஷின் ஓடுகிறது, சரக்கு ஏன் நகரவில்லை? – தொழிற்கூடக் கேள்வி பதில்

இந்த முறை பெங்களூருவிலிருந்து வந்த கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். பீன்யா, பொம்மனஹள்ளி, ராஜாஜிநகர் என்று அங்கே தொழில் நடத்தும், வேலை பார்க்கும் நம் ஆட்கள் எழுதியவை.

ஐயா, பீன்யா இரண்டாம் கட்டத்தில் சின்ன மிஷின் ஷாப் வைத்திருக்கிறேன். நாலு சி.என்.சி. (கணினி இயக்கும் கடைசல் மிஷின்), இரண்டு வி.எம்.சி. (கணினி இயக்கும் மில்லிங் மிஷின்). இரண்டு ஷிஃப்டும் மிஷின் நிற்பதே இல்லை, ஆனாலும் பாதி ஆர்டர் லேட். கஸ்டமர் போன் வந்தால் எடுக்கவே பயமாக இருக்கிறது. லோன் போட்டு இன்னொரு சி.என்.சி. வாங்கலாமா? இந்த உற்பத்தி ஆராய்ச்சி எல்லாம் டொயோட்டா மாதிரி பெரிய கம்பெனிக்குத்தானே?

லோன் பேப்பரில் கையெழுத்துப் போடும் முன் ஷாப்பை ஒரு சுற்று சுற்றி, மிஷினில் ஏறாமல் டிரேயிலும் தரையிலும் கிடக்கிற பீஸ்களை எண்ணிப் பாருங்கள். 1,200 பீஸ் கிடக்கிறது, ஒரு நாளைக்கு 100 பீஸ் முடிந்து வெளியே போகிறது என்றால், இன்று உள்ளே வரும் பீஸ் வெளியே போக சராசரியாக 12 நாள் ஆகும். ஜான் லிட்டில் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1961-ல் கணக்காக நிரூபித்த விதி இது. பெரிய ஆலை, சின்ன ஷாப், ஆஸ்பத்திரி வரிசை எல்லாவற்றுக்கும் பொருந்தும். அந்த பீஸுக்கு மிஷினில் ஆகும் நேரம் இருபது நிமிடமோ முப்பது நிமிடமோதான், மீதி 12 நாளும் அது சும்மா கிடக்கிறது. அந்த இருபதைப் பதினெட்டாக்க ஃபீடை, அதாவது டூல் நகரும் வேகத்தை, ஏற்றி வெட்டுமுனையான இன்சர்ட்டைத் தின்னக் கொடுப்பதைவிட, வெளியே போகும் வேகம் குறையாமல் உள்ளே கிடப்பதைப் பாதியாக்கினால் 12 நாள் 6 நாளாகிவிடும்.

அப்புறம் அந்த ‘மிஷின் நிற்பதே இல்லை’. உங்கள் பிரச்சினையின் பாதி அதில்தான் இருக்கிறது. கொரகுண்டேபாளையா சிக்னலில் சாலை ஒரு இஞ்ச் இடமில்லாமல் நிறைந்திருக்கும்போது வண்டி நகர்கிறதா? ஆர்டர் முன்னே பின்னே வருகிறது, ஒரு ஜாப் சீக்கிரம் முடிகிறது, இன்னொன்று இழுக்கிறது. இப்படி ஏற்ற இறக்கம் உள்ள இடத்தில், வரிசையில் காத்திருக்கும் நேரத்தைக் கணக்கிடும் வரிசைக் கோட்பாட்டின் மிக எளிய கணக்குப்படி, மிஷின் 80 சதவீத நேரம் வேலையில் இருந்தால் ஒரு ஜாப் தன் வேலை நேரத்தைப் போல 4 மடங்கு நேரம் காத்திருக்கும். 90 சதவீதம் என்றால் 9 மடங்கு. 95 சதவீதம் என்றால் 19 மடங்கு. உங்கள் ஷாப்பில் எண் கொஞ்சம் மாறலாம், ஆனால் கடைசியில் செங்குத்தாக ஏறும் அந்த வளைவு மாறாது. அதே 1961-ல் கிங்மன் என்ற பிரிட்டிஷ் கணிதவியலாளர் இதற்குக் கொடுத்த சூத்திரத்தில் ஏற்ற இறக்கமும் ஒரு பெருக்கற் காரணியாக வருகிறது. அதாவது, ஆர்டரையும் வேலை நேரத்தையும் ஓரளவு சமன்படுத்தினாலே காத்திருப்பு இறங்கும், காசு செலவில்லை.

எந்த மிஷினுக்கு முன்னால் டிரே அதிகம் குவிகிறது என்று ஒரு வாரம் பாருங்கள். வி.எம்.சி.க்கு முன்னால்தான் குவிகிறது என்றால் ஐந்தாவது சி.என்.சி. வாங்கி என்ன பயன்? குவியலை இன்னும் வேகமாக உயர்த்துவீர்கள், அவ்வளவுதான். அந்த நெருக்கடி மிஷின் மட்டும் நிற்கக்கூடாது. மற்றவை கொஞ்ச நேரம் நின்றால் நின்றுவிட்டுப் போகட்டும். சும்மா நிற்கிறதே என்று மனசு கேட்காமல் ஏதாவது ஒரு ஜாபை ஏற்றிவிடுகிறோம் பாருங்கள், தரையில் கிடக்கும் குவியல் பெரும்பாலும் அப்படி வந்ததுதான்.

நெருக்கடி மிஷின் எங்கே நேரம் இழக்கிறது என்று பார்த்தால் அநேகமாக செட்டிங்கில், அதாவது ஒரு ஜாபிலிருந்து அடுத்த ஜாபுக்கு மிஷினைத் தயார்செய்வதில். மூன்று மணி நேரம் செட்டிங் ஆகிறது, அதனால் 500 பீஸாக ஓட்டுகிறீர்கள், அந்த 500 முடியும்வரை மற்ற ஆர்டர்கள் வாசலில் நிற்கின்றன. ஷிகியோ ஷிங்கோ என்ற ஜப்பானியப் பொறியாளர் 1950-ல் ஹிரோஷிமாவில் மஸ்தா கம்பெனியின் பிரஸ் ஒன்றில் டை, அதாவது தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சு, மாற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு போல்ட்டைக் காணோம் என்று தொழிலாளி தேடி அலைந்ததிலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் போனதைக் கவனித்தார். மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யக்கூடிய வேலை எது, நின்றால்தான் செய்ய முடியும் என்கிற வேலை எது என்று அவர் பிரித்தார். அதிலிருந்து வளர்ந்த முறையில், 1969-ல் டொயோட்டாவில் 1,000 டன் பிரஸ்ஸுக்கு 4 மணி நேரம் எடுத்த டை மாற்றம் முதலில் 90 நிமிடத்துக்கும் பிறகு 3 நிமிடத்துக்கும் வந்தது. நீங்கள் செய்யவேண்டியது, அடுத்த செட்டிங்கை ஆரம்பம் முதல் முடிவுவரை போனில் வீடியோ எடுத்து, செட்டரையும் ஆப்பரேட்டரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் போட்டுப் பார்ப்பது. டூல் தேடுவது, டிராயிங்குக்காக ஆஃபீஸ் ரூமுக்கு நடப்பது, முதல் பீஸைச் சரிபார்க்க இன்ஸ்பெக்டர் வரட்டும் என்று நிற்பது எல்லாம் அதில் இருக்கும்.

பெரிய கம்பெனிக்குத்தானே என்று கேட்டீர்கள். 1950-ல் டொயோட்டா திவாலாகும் நிலையில் இருந்தது. ஆட்குறைப்பு, வேலைநிறுத்தம், கடைசியில் நிறுவனத் தலைவரே பதவி விலகினார். மிஷின் வாங்கவும் சரக்கை அடுக்கிவைக்கவும் காசில்லாத இடத்தில்தான் இந்த முறைகள் வளர்ந்தன. இன்று பெங்களூருவுக்குப் பக்கத்தில் பிடதியில் நீங்கள் பார்க்கும் டொயோட்டா ஆலை அதற்கு அரை நூற்றாண்டு பிறகு வந்தது. காசில்லாத ஷாப்புக்குத்தான் இது அதிகம் தேவை.

பொம்மனஹள்ளி பக்கம் ஒரு கார்மென்ட்ஸில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். தினமும் 200 பீஸ் செக் செய்கிறோம். ரிஜெக்‌ஷன் ஒரு நாள் 2 சதவீதம், இன்னொரு நாள் 7. சராசரி 4. ஏழு வரும் நாளில் மேனேஜர் எல்லார் முன்னாலும் திட்டுகிறார். மறுநாள் குறைந்துவிடுகிறது. அவர் திட்டுவது சரிதானோ என்று எனக்கே சந்தேகம் வருகிறது.

இல்லை அம்மா, சரியே இல்லை. இந்தக் கடிதத்தைப் படித்ததும் கோபம் வந்தது.

1924 மே 16 அன்று அமெரிக்காவில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியில் வால்ட்டர் ஷூஹார்ட் என்ற இயற்பியலாளர் தன் மேலதிகாரிக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதினார். அதில் ஒரு சின்ன வரைபடம் இருந்தது, அதைத்தான் இன்று கன்ட்ரோல் சார்ட் என்கிறோம். எந்த வேலையிலும் தினசரி ஆட்டம் ஒன்று இருக்கும், அதற்குத் தனிக் காரணம் தேடக்கூடாது, எல்லை தாண்டினால் மட்டும் தேடவேண்டும் என்பது அவர் கருத்து. உங்கள் எண்ணையே போட்டுப் பார்ப்போம். சராசரி 4 சதவீதம், ஒரு நாளைக்கு 200 பீஸ். 0.04-ஐ 0.96-ஆல் பெருக்கி, 200-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ 1.4 சதவீதம். அதைப் போல மூன்று மடங்கு சராசரிக்கு மேலே போனால் எல்லை, அதாவது 8.2 சதவீதம். கீழே பூஜ்யம். இரண்டு வந்த நாளும் ஏழு வந்த நாளும் ஒரே லைனின் ஒரே மாதிரியான இரண்டு நாட்கள். அந்த ஒரு நாளின் எண்ணை மட்டும் வைத்து யாருடைய உழைப்பையும் எடைபோட முடியாது.

மறுநாள் குறைந்ததற்கும் திட்டுக்கும் சம்பந்தமில்லை. சராசரி 4 உள்ள இடத்தில் 7 வந்தால், யாரும் வாயே திறக்காவிட்டாலும் அடுத்த நாள் அநேகமாகக் குறைவாகத்தான் வரும். அதேபோல் 2 வந்த நாளில் அவர் பாராட்டினால் மறுநாள் ஏறத்தான் செய்யும், உடனே ‘பாராட்டினால் கெட்டுப்போகிறார்கள்’ என்று முடிவுகட்டுவார். இப்படித்தான் எத்தனையோ மேனேஜர்கள் வருஷக்கணக்கில் தப்புப் பாடத்தைக் கற்றுக்கொண்டு, தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிற பெண்களை அழவைக்கிறார்கள்.

சராசரி 4 வேண்டாம், 2 ஆகவேண்டும் என்றால் அது வேறு வேலை. ஒரு மாத ரிஜெக்‌ஷனை வகை பிரியுங்கள்: தையல் விட்டது, எண்ணெய்க் கறை, அளவு தப்பு, கட்டிங் தப்பு. பெரும்பாலும் இரண்டு வகையிலேயே பாதிக்கு மேல் இருக்கும். கட்டிங்கிலிருந்து வருகிற தப்புக்குத் தைப்பவர் என்ன செய்வார்? அதைச் சரிசெய்யும் அதிகாரம் மேனேஜரிடம்தான் இருக்கிறது. சார்ட்டை ஒரு மாதம் போட்டு அவர் மேஜையில் வையுங்கள், வாதம் செய்யவேண்டாம். இது ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று அவர் சொன்னால், இதே ஷூஹார்ட் 1947–48-ல் நம் புள்ளியியலாளர் மகாலனோபிஸ் அழைத்து இந்தியா வந்தவர் என்பதையும் சொல்லுங்கள். மகாலனோபிஸ் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்குப் பெங்களூருவில் மைசூர் ரோட்டில் மையம் இருக்கிறது, தரக்கட்டுப்பாட்டுப் பிரிவும் இருக்கிறது.

அண்ணா, தாசரஹள்ளியில் ஒரு பேக்டரியில் ஆப்பரேட்டர். ஸ்டாப்வாட்சோடு ஒருத்தர் வந்து பின்னால் நிற்கிறார். வேகமாகச் செய்தால் டார்கெட்டை ஏற்றிவிடுவார்கள், மெதுவாகச் செய்தால் சோம்பேறி என்கிறார்கள். என்ன செய்வது?

உங்கள் பயத்துக்கு நூறு வருஷத்துக்கு மேல் வரலாறு இருக்கிறது தம்பி. வேலையை ஸ்டாப்வாட்ச் வைத்து அளக்கும் முறையைப் பரப்பியவர் ஃபிரெடரிக் டெய்லர். உலோகம் வெட்டுவதில் இருபத்தாறு வருஷம் சோதனை செய்து, வெட்டும் வேகத்துக்கும் டூல் ஆயுளுக்கும் உள்ள கணக்கைக் கண்டுபிடித்ததும் அவர்தான், சி.என்.சி.யில் இன்றும் அது பயன்படுகிறது. ஆனால் யோசிப்பது மேலே, செய்வது கீழே என்று அவர் பிரித்ததை நான் ஏற்கவில்லை. 1911 ஆகஸ்டில் அமெரிக்க ராணுவத்தின் வாட்டர்டவுன் ஆயுதசாலையில் ஸ்டாப்வாட்ச் வந்ததும் வார்ப்புப் பிரிவுத் தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியேறினார்கள். நாடாளுமன்றக் குழு விசாரித்தது, பிறகு அரசு ஆயுதசாலைகளில் ஸ்டாப்வாட்சுக்குத் தடையே வந்தது.

உங்கள் நிர்வாகத்திடம் கேட்கவேண்டியது இரண்டு. இந்த அளவீட்டால் கூலி ரேட்டைக் குறைக்கமாட்டோம், ஆளைக் குறைக்கமாட்டோம் என்று முதலில் எழுதிக் கொடுக்கட்டும். அடுத்து, உங்கள் கை வேகத்தோடு சேர்த்து மெட்டீரியல் வராமல் நின்றது, டூலுக்காகக் காத்தது, கிரேனுக்காகக் காத்தது எல்லாவற்றையும் அதே ஷீட்டில் எழுதட்டும். நீங்கள் மட்டும் கேட்காதீர்கள், ஷிஃப்டில் எல்லாரும் சேர்ந்து கேளுங்கள். ஆளை விட்டுவிட்டு வேலையை அளந்தால் அந்த மனிதர் உங்களுக்கு உதவிக்கு வந்தவர்.

ராஜாஜிநகரில் அப்பாவின் யூனிட்டில் கணக்கைப் பார்க்கிறேன். தினசரி ரிப்போர்ட், காலை மீட்டிங், பிரேக்டவுன் பதிவு என்று நான் சொன்னால் ‘முப்பது வருஷமா லாபத்துலதான் ஓடுது’ என்கிறார். நம் நாட்டில் இதற்கு நிரூபணம் இருக்கிறதா?

இருக்கிறது, அதுவும் நல்ல நிரூபணம். மும்பைக்கு வடக்கே தாராபூர், உம்பர்காவ் பகுதி நெசவாலைகளில், 17 நிறுவனங்களை வைத்து, ஸ்டான்ஃபோர்டின் நிக்கோலஸ் ப்ளூமும் உலக வங்கி ஆய்வாளர்களும் ஒரு சோதனை நடத்தி 2013-ல் வெளியிட்டார்கள். மருந்துச் சோதனை மாதிரி, குலுக்கலில் ஒரு பகுதி ஆலைகளுக்கு ஐந்து மாதம் ஆலோசகர் உதவி, மற்றவற்றுக்கு ஒரு மாத ஆய்வு மட்டும். கற்றுக்கொடுத்த 38 நடைமுறைகளில் ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் இல்லை: குறையைத் தினமும் பதிவது, நூல் இருப்பை எழுதுவது, மிஷின் ஏன் நின்றது என்று குறிப்பது, தினசரிக் கூட்டம். உதவி பெற்ற ஆலைகளின் உற்பத்தித்திறன் முதல் வருஷத்திலேயே 17 சதவீதம் ஏறியது. அங்கேயும் முதலாளிகள் உங்கள் அப்பா சொன்னதைத்தான் ஆரம்பத்தில் சொன்னார்கள். சில வருஷம் கழித்து மறுபடி போய்ப் பார்த்தபோது பாதி நடைமுறைகள் விடுபட்டிருந்தன, மேனேஜர் மாறியதும் முதலாளிக்கு நேரமில்லாததும் அதற்கு முக்கியக் காரணங்கள். ஆனாலும் மற்ற ஆலைகளைவிட இவை முன்னால்தான் இருந்தன.

அந்த ஆய்வில் என்னை உறுத்திய ஒன்று: ஒரு நிறுவனம் எவ்வளவு பெரிதாகும் என்பது குடும்பத்தில் எத்தனை ஆண்கள் இருக்கிறார்கள் என்பதோடு ஒட்டிப்போனது. வெளியாளை நம்பிப் பொறுப்பைக் கொடுப்பதில்லை, வீட்டுப் பெண்களும் கணக்கில் வருவதில்லை. அப்பாவிடம் முழு யூனிட்டையும் கேட்காதீர்கள் அம்மா, ஒரு லைனை மூன்று மாதம் உங்கள் பொறுப்பில் விடச் சொல்லுங்கள். பிரேக்டவுன் பதிவிலிருந்து ஆரம்பியுங்கள், அதில் பலன் சீக்கிரம் கண்ணுக்குத் தெரியும்.

ஆலோசகர் வைக்கக் காசில்லை. அரசு உதவி உண்டா? – பீன்யா

உண்டு. சிறு, குறு தொழில் அமைச்சகம் 2023 மார்ச்சில் புதுப்பித்த லீன் (வீண் வேலையைக் குறைக்கும் உற்பத்தி முறை) திட்டத்தில் ஆலோசனைச் செலவில் 90 சதவீதத்தை மத்திய அரசு ஏற்கிறது. சிறுதொழில்களுக்கான உத்யம் என்ற அரசுப் பதிவு இருந்தால் இணையத்திலேயே சேரலாம், அடிப்படைப் படி இலவசம்.

மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இந்தத் துறையில் ஆராய்ச்சி செய்ய பெங்களூருவில் எங்கே போவது?

இந்திய அறிவியல் கழகத்தில் வடிவமைப்பு, உற்பத்திக்கென்று தனித்துறையே இருக்கிறது. தும்கூர் ரோட்டில், 1960-களில் தொடங்கிய மத்திய உற்பத்தித் தொழில்நுட்ப நிறுவனம், சி.எம்.டி.ஐ. என்பார்கள், அங்கே இன்டர்ன்ஷிப்புக்கு எழுதிக் கேளுங்கள். அதற்கு முன் புள்ளியியலும் வரிசைக் கோட்பாடும் கொஞ்சம் படித்துவிட்டு, லீவில் ஏதாவது ஒரு பீன்யா ஷாப்பில் போய் நில்லுங்கள். முதல் கடிதம் எழுதிய ஐயா மாதிரி ஆட்களுக்குக் குவியலை எண்ணிக் கொடுக்க ஒரு ஆள் தேவைப்படும்.