ஆய்வில் கண்டுபிடித்ததை முதலில் கட்டுரையாக வெளியிடுவதா, காப்புரிமைக்கு விண்ணப்பிப்பதா?

பிஎச்டி மூன்றாம் ஆண்டில் ஒரு கருவி செய்திருப்பதாகவும், கைடு கட்டுரை எழுதச் சொல்வதாகவும் கேட்டிருக்கிறீர்கள். பேட்டன்ட் எடுத்தால் அது யாருக்குச் சொந்தம், அதை வைத்துத் தொழில் தொடங்கலாமா என்பதும் உங்கள் கேள்வி.

முதலில் விண்ணப்பம், அப்புறம் கட்டுரை. இந்த வரிசை மாறியதால் நான் இழந்ததைச் சொல்கிறேன்.

எம்.டெக். படிக்கும்போது நானும் நண்பனும் தென்னை நார்த்தூளில் உப்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் கருவி ஒன்றைச் செய்தோம். பொள்ளாச்சிப் பக்கம் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், ஏற்றுமதித் தூளில் ‘இசி’, அதாவது உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன், அதிகமாக இருக்கக் கூடாது. அதற்காக நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவுவார்கள். கழுவியது போதுமா என்று பார்க்க, கைப்பிடித் தூளை ஊறவைத்து, வடிகட்டி, அந்தத் தண்ணீரில் மீட்டரை முக்கவேண்டும். எங்கள் கருவியின் நான்கு கம்பிகளையும் ஈரக் குவியலில் நேரே குத்தினால் அரை நிமிடத்தில் அளவு வந்துவிடும்.

கல்லூரிக் கண்காட்சியில் முதல் பரிசு கிடைத்தது. வீடியோ எடுத்து யூடியூபில் போட்டார்கள். எட்டு மாதம் கழித்து ஒரு காப்புரிமை முகவரிடம் போனோம். கருவியை அவர் கையில்கூட எடுக்கவில்லை. “இதை எங்கேயாவது காட்டியிருக்கீங்களா தம்பி?” என்று மட்டும் கேட்டார். வீடியோவை ஓட்டிப் பார்த்து ஓரிடத்தில் நிறுத்தினார். திரையில் நான்கு கம்பிகள், இடைவெளி தெரியட்டும் என்று நானே பக்கத்தில் வைத்த ஸ்கேல், பின்னால் பலகையில் முழு சர்க்யூட். “துறை தெரிஞ்ச யாரும் இதைப் பார்த்து அப்படியே செஞ்சிடலாம். இனி இது புதுசு இல்லை, பேட்டன்ட் கிடைக்காது” என்றார். வீடு திரும்பும் வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

இந்தியக் காப்புரிமைச் சட்டம் 31ஆம் பிரிவில், வெளியே காட்டிய பிறகும் விண்ணப்பிக்க 12 மாதச் சலுகை ஒன்று உண்டு. ஆனால் அது மத்திய அரசு அறிவித்த கண்காட்சிகளுக்கும், கற்றோர் சங்கங்களில் வாசிக்கும் கட்டுரைகளுக்கும்தான். கல்லூரிக் கண்காட்சிக்கும் யூடியூபுக்கும் அது பொருந்தாது. ஆய்வேடுகளை இணையத்தில் சேர்த்துவைக்கும் ஷோத்கங்கா தளத்தில் ஏறிய ஆய்வேடும் வெளியீடுதான், அதையும் மறந்துவிடாதீர்கள்.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. மரபணுவை வெட்டி ஒட்டும் முறையை அமெரிக்க விஞ்ஞானிகள் ஸ்டான்லி கோஹெனும் ஹெர்பர்ட் பாயரும் 1973 நவம்பரில் கட்டுரையாக வெளியிட்டுவிட்டார்கள். அமெரிக்காவில் ஓராண்டு அவகாசம் உண்டு. அது முடிய ஒரே வாரம் இருக்கும்போது, 1974 நவம்பரில், கோஹெனின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் விண்ணப்பித்தது. 1980இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. 1997இல் காலாவதியாகும் வரை 468 நிறுவனங்கள் உரிமம் வாங்கின, சுமார் 25 கோடி டாலர் வந்தது. மற்ற நாடுகளிலோ, கட்டுரை முந்திக்கொண்டதால் உரிமை கோரவே வழியில்லை.

இதற்காகக் கட்டுரையை வருடக்கணக்கில் தள்ளிப்போட வேண்டியதில்லை. முழு விவரக்குறிப்புக்கு முன்பே கொடுக்கக்கூடிய தற்காலிக விவரக்குறிப்போடு (provisional specification) விண்ணப்பியுங்கள். தனிநபருக்கும் கல்வி நிறுவனத்துக்கும் இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய். அன்றைய தேதி உங்களுடையதாகிவிடும், மறுநாளே கட்டுரையை அனுப்பலாம். முழு விவரக்குறிப்பை 12 மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். வெளிநாட்டுக்கும் போவதென்றால் அதே 12 மாதம்தான் கணக்கு. ஒன்று மட்டும் கவனம்: அவசரத்தில் அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தால், அந்த அரைப் பக்கத்தில் இருப்பதற்குத்தான் அந்தத் தேதி.

சரி, யாருக்குச் சொந்தம்? கண்டுபிடித்தவர் வேறு, விண்ணப்பதாரர் வேறு. கண்டுபிடித்தவராக உங்கள் பெயர் இருக்கும். உரிமை பெரும்பாலும் நிறுவனத்துக்கோ இருவருக்கும் கூட்டாகவோ போகும். 2019இல் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் (இப்போது கல்வி அமைச்சகம்) வெளியிட்ட புத்தாக்க, ஸ்டார்ட்அப் கொள்கை, கல்லூரியின் வசதியைக் கணிசமாகப் பயன்படுத்தியிருந்தால் கூட்டுரிமை என்கிறது. அது வழிகாட்டிதான். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனக்கென்று விதி வைத்திருக்கும். சேரும்போது நீங்கள் கையெழுத்திட்ட தாளைத் தேடி எடுத்துப் படியுங்கள். ஏதாவது கம்பெனி பணம் கொடுத்த புராஜெக்ட் என்றால் அந்த ஒப்பந்தத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். மரியாதைக்காகத் துறைத்தலைவர் பெயரையும் முதல்வர் பெயரையும் கண்டுபிடிப்பாளர் பட்டியலில் சேர்க்காதீர்கள். அந்த யோசனைக்குப் பங்களித்தவர்தான் கண்டுபிடிப்பாளர். உங்கள் கைடு உண்மையில் வழி சொல்லியிருந்தால் அவர் பெயர் கட்டாயம் வரவேண்டும், நன்றிக்கடனுக்காக வேறு எவர் பெயரும் வரக் கூடாது. கையில் தேதி போட்டு எழுதிய ஆய்வகக் குறிப்பேடு இருந்தால் இந்தப் பேச்சு சுலபமாக முடியும்.

தொழில் தொடங்கலாமா என்றால், தாராளமாக. எங்கள் கதை அந்த வீடியோவோடு முடிந்துவிடவில்லை. தூள் வெயிலில் சூடாகும்போது அளவு மாறுவதைச் சரிசெய்யும் முறையைப் பிறகு கண்டுபிடித்தோம். அது வீடியோவில் இல்லை என்பதால் அதற்கு மட்டும் கல்லூரி வழியாக விண்ணப்பித்தோம். அதை எடுத்துக்கொண்டு ஒரு நார் மில் முதலாளியைப் பார்க்கப் போனபோது அவர் காப்புரிமை பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கம்பியை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, “இந்த உப்புத் தண்ணியில எத்தனை மாசம் துருப்பிடிக்காம நிக்கும்?” என்றார். எங்களிடம் பதில் இல்லை. அதைச் சோதித்துப் பார்த்துக் கம்பியை மாற்றவே ஓராண்டு ஆயிற்று. உங்கள் கருவியையும் இப்போதே ஆய்வகத்துக்கு வெளியே, அதைப் பயன்படுத்தப்போகிறவர் கையில் கொடுத்துப் பாருங்கள். விண்ணப்பத்துக்கு முன்பே கொடுப்பதென்றால் ரகசியக்காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்களே கம்பெனி தொடங்காமல், வேறொருவருக்குத் தனியுரிமமாக, அதாவது அவர் மட்டுமே பயன்படுத்தும்படி, கொடுக்கும் யோசனையும் இருக்கலாம். அப்படியானால், இரண்டு வருடத்துக்குள் சந்தைக்குக் கொண்டுவராவிட்டால் உரிமை திரும்பி வந்துவிடும் என்ற ஷரத்து ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன் பாருங்கள். வாங்கியவர் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டாலும் காப்புரிமையின் ஆயுளான 20 வருடமும் விண்ணப்பித்த நாளிலிருந்து ஓடிக்கொண்டேதான் இருக்கும்.