முதலில் சந்தை, அப்புறம் சமையல்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்ன சமைப்பது என்று முந்தின நாளே எழுதி வைத்துக்கொண்டுதான் உழவர் சந்தைக்குப் போகிறேன். பட்டியலில் பாதி அங்கே இருப்பதில்லை. மீதிக்குக் கடை கடையாக அலைய வேண்டியிருக்கிறது. உழவர் சந்தையை மட்டும் நம்பி ஒரு வேளைச் சமையலை முடிக்க முடியுமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: தாராளமாக முடியும். பட்டியலை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் தங்கள் நிலத்தில் விளைந்ததைக் கொண்டு வருகிறவர்கள். தோட்டத்தில் என்ன காய்த்ததோ அதுதான் அன்றைக்குக் கூடையில் இருக்கும். அதனால் உள்ளே போனதும் எதையும் வாங்காமல் ஒரு சுற்று நடந்து பாருங்கள். எந்தக் காய் பல பேரிடம் குவிந்து கிடக்கிறதோ, அதுதான் இப்போதைய பருவத்துக் காய். பெரும்பாலும் விலையும் அதற்குத்தான் இறங்கியிருக்கும். குழம்பு, பொரியல் எல்லாவற்றையும் அங்கே நின்று முடிவு செய்யுங்கள்.

இந்தத் தை மாதத்தில் நான் முதலில் தேடுவது பச்சை மொச்சை. நல்ல காயைக் கையில் எடுத்தால் விரலில் லேசாகப் பிசுபிசுக்கும், மூக்கருகே கொண்டு போகாமலே வாசம் வரும். அந்த வாசம் போய்விட்டால் பறித்து நாளாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தோல் பச்சையாக இருக்க வேண்டும், உள்ளே பருப்பு திரண்டு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். சின்ன ஓட்டை தெரிந்தால் உள்ளே புழு இருக்கும், எடுக்காதீர்கள். உரித்தால் பாதிக்கும் குறைவாகத்தான் பருப்பு தேறும். நாலு பேருக்கு ஒரு கிலோ காய் வேண்டும்.

கூடவே கால் கிலோ பிஞ்சுக் கத்தரி. காம்பு பச்சை மாறாமல், தூக்கினால் கனமில்லாமல் இருப்பதாகப் பொறுக்குங்கள். கனக்கிற கத்தரியில் விதை முற்றியிருக்கும். அவரைக்காயில் ஒன்றை ஒடித்துப் பாருங்கள். சடக்கென்று ஒடிந்தால் இளசு. சின்ன வெங்காயம், தக்காளி, கறிவேப்பிலை எல்லாம் அங்கேயே கிடைக்கும். புளியும் எண்ணெயும் மிளகாய்த்தூளும் வீட்டில் இருக்குமே, அது போதும்.

மொச்சையை உரித்து, கொஞ்சம் உப்புப் போட்டுத் தனியாக வேகவையுங்கள். நசுக்கினால் மசிய வேண்டும். அதற்கு முன்னால் புளித்தண்ணீரை ஊற்றவே கூடாது. புளி பட்டுவிட்டால் பருப்பு சீக்கிரம் வேகாது, எவ்வளவு கொதித்தாலும் நறுக்கென்றே இருக்கும். நிறையப் பேருக்கு மொச்சைக் குழம்பு பிடிக்காமல் போவதற்கே இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

சட்டியில் நல்லெண்ணெய் மூன்று கரண்டி. கடுகு, வெந்தயம் தாளித்து, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயத்தை முழுசாகப் போட்டு வதக்குங்கள். ஏழெட்டுப் பல் பூண்டு, கறிவேப்பிலை, இரண்டு தக்காளி. அப்புறம் நாலாகக் கீறிய கத்தரிக்காய். தோல் நிறம் மாறினதும் குழம்பு மிளகாய்த்தூள் இரண்டு டீஸ்பூன், மஞ்சள்தூள், உப்பு. நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து ஊற்றி, பச்சை வாசனை போகக் கொதித்த பிறகு மொச்சையை வெந்த தண்ணீரோடு சேருங்கள். அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டிவிடாதீர்கள், குழம்பின் ருசியில் பாதி அதில்தான் இருக்கிறது. கடைசியாக இரண்டு ஸ்பூன் தேங்காய்த் துருவலும் அரை ஸ்பூன் சீரகமும் அரைத்து விட்டு, எண்ணெய் மேலே மிதக்கும்போது இறக்குங்கள். அவரைக்காயைப் பொடியாக அரிந்து பொரியல் செய்தால் போதும். இதற்கு மேல் ரசம்கூட வேண்டியதில்லை.

கேள்வி: விலைப்பலகையில் எழுதிய விலைக்குத்தான் தருகிறார்கள். பேரம் பேசினால் குறைப்பார்களா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: பேசாதீர்கள் ஐயா, மனதாரக் கேட்கிறேன். தரகர் இல்லாமல் விவசாயியே நேராக விற்கட்டும் என்றுதான் 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை தொடங்கப்பட்டது. அந்தப் பலகை விலை யாரோ ஒருவர் வாய்க்கு வந்தபடி சொல்வது அல்ல. மொத்த மார்க்கெட் விலையையும் வெளிக்கடை விலையையும் பார்த்து, முன்னதை விடக் கூடுதலாகவும் பின்னதை விடக் குறைவாகவும் தினமும் வைக்கிறார்கள். விற்கிறவருக்கும் கட்ட வேண்டும், உங்களுக்கும் கட்ட வேண்டும் என்ற கணக்கு அது. இருட்டோடு எழுந்து மூட்டையைச் சுமந்து வந்தவரிடம் அதற்கும் கீழே இரண்டு ரூபாய் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பலகை விலைக்கு மேல் யாராவது கேட்டால் மட்டும் சந்தை வளாகத்திலேயே இருக்கும் அலுவலகத்தில் சொல்லுங்கள்.

விலைக்குப் பதிலாக ஒன்று கேளுங்கள்: "அண்ணே, இது எப்பப் பறிச்சது?" நேற்று சாயந்திரமா, இன்று விடியலிலா என்று தயங்காமல் சொல்வார்கள். அடுத்த வாரம் என்ன காய் வரும் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும்.

கேள்வி: வேலைக்குப் போவதால் ஞாயிறு மட்டும்தான் சந்தைக்குப் போக முடிகிறது. புதன்கிழமைக்குள் கீரை அழுகி, காய் வாடிவிடுகிறது.
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: கீரையைப் புதன் வரை வைக்கவே வேண்டாம், ஞாயிறோ திங்களோ கடைந்துவிடுங்கள். அதுவரை கழுவாமல், ஈரமில்லாமல், பருத்தித் துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஈரத்தோடு பாலித்தீன் பையில் கட்டி வைப்பதால்தான் அழுகுகிறது. அடுத்து கத்தரி, வெண்டை, அவரை. பரங்கி முழுசாகவும், சேனை, கருணை, சர்க்கரைவள்ளி மண்ணோடும் வெளியிலேயே கிடக்கும்; அவற்றை வாரக் கடைசிக்கு ஒதுக்குங்கள். உரித்த மொச்சை மிஞ்சினால் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்து, ஆறவைத்து, துடைத்து, ஃப்ரீசரில் வைக்கலாம். குழம்புக்கு எடுக்கும்போது உறைந்தபடியே வேகப் போடுங்கள்.