சரிவில் நிற்கும் செனினுக்குப் பொட்டாஷ் விடலாமா?

கேள்வி: ஐயா, கம்பத்தில் பன்னீர் திராட்சை போட்ட குடும்பம் எங்களுடையது. இப்போது நாசிக் மாவட்டம் திண்டோரி பக்கம் ஒரு குன்றுச் சரிவில் 2 ஏக்கர் செனின் பிளாங்க் என்ற ஒயின் திராட்சை வைத்திருக்கிறேன். இந்தத் துண்டுப் பழத்தை மட்டும் தனி வெள்ளை ஒயினாக அடைக்கிறோம் என்று ஆலை சொல்லியிருந்தது. போன வருஷம் பிரிக்ஸ் (சர்க்கரை அளவு) 22 வந்தும், சாற்றின் பி.எச். 3.8, புளிப்பு போதாது என்று சொல்லிப் பொதுத் தொட்டியில் கலந்துவிட்டார்கள், விலையும் குறைந்தது. இப்போது பிரிக்ஸ் 18. உரக்கடைக்காரர் 0-0-50 பொட்டாஷ் உரத்தை இன்னும் இரண்டு தடவை சொட்டுநீரில் விட்டு, ஒரு தடவை இலைமேல் அடிக்கச் சொல்கிறார். மனசு கேட்கவில்லை. எவ்வளவு விடட்டும்?

பதில்: தம்பி, ஒரு கிராம்கூட விடாதீர்கள். போன வருஷம் உங்களுக்குச் சர்க்கரை குறையவே இல்லையே, 22 தாராளம். புளிப்புதான் போய்விட்டது. பழத்தில் பொட்டாசியம் ஏறினால் அது டார்டாரிக் அமிலத்தைப் பிடித்து உப்பாக்கிவிடும், பி.எச். மேலே போகும், அது ஏற ஏறப் புளிப்பு குறைவு என்று அர்த்தம். வெள்ளை ஒயினுக்குச் சாறு 3.1-லிருந்து 3.4-க்குள் இருந்தால் நிம்மதி. 3.2-ல் ஒயினைக் கெடாமல் காக்கிற சல்ஃபைட், 3.8-ல் அதே வேலையைச் செய்யக் கிட்டத்தட்ட நாலு மடங்கு வேண்டும். அதனால்தான் ஆலைக்காரர் தனியாக அடைக்கத் தயங்கினார், அவர்மேல் குற்றமில்லை.

உரக்கடைக்காரரிடம் ஒரே அட்டவணைதான் இருக்கிறது, சாப்பிடுகிற திராட்சைக்கு எழுதிய அட்டவணை. பருமன், நிறம், எடை, அவ்வளவுதான் அதில். சந்தைக்குப் போகிற பழத்துக்கு அது சரி, கம்பத்தில் நீங்கள் பழகியதும் அதுதான். ஒயின் திராட்சைக்கு அதை அப்படியே தூக்கிப் போடுகிறவரிடம் நான் ஒன்றுதான் கேட்பேன்: இந்தத் தோட்டத்து இலைக்காம்புப் பரிசோதனைத் தாளை நீங்கள் பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டார். பார்க்காமல் சொல்கிற உரம் எல்லாமே மூட்டை விற்கிற வேலை, இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். அடுத்த அக்டோபர் கவாத்துக்கு அப்புறம், பூ விரிந்து நிற்கும்போது கொத்துக்கு எதிரே இருக்கிற இலையின் காம்பைப் பறித்துச் சோதித்துப் பாருங்கள். புனே மாஞ்சரியில் தேசியத் திராட்சை ஆராய்ச்சி மையம் இருக்கிறது, அங்கே கேளுங்கள். பொட்டாசியம் குறைவு என்று தாளில் வந்தால் விடத்தான் வேண்டும், பற்றாக்குறையிலும் பழம் சரியாகப் பழுக்காது. தாள் இல்லாமல் மட்டும் வேண்டாம்.

சரி, நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். சரிவு என்று எழுதினீர்கள், சொட்டுநீர்க் குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று எழுதவில்லை. மேலிருந்து கீழாகப் போட்டிருந்தால், 10 மீட்டர் இறக்கத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் கூடும், சாதாரணத் துளிப்பான் என்றால் கீழ் வரிசைக்குத் தண்ணீரும் அதிகம், அதில் கலந்த உரமும் அதிகம், மோட்டாரை நிறுத்திய பிறகும் குழாயில் நிற்கிற தண்ணீர் கீழேதான் வடியும். மேலே சரளையில் கொடி தாகத்தோடு நின்று முதலில் பழுக்கும். கீழே இலை அடர்ந்து கொத்து நிழலில் கிடக்கும், நிழலிலும் பழத்தில் பொட்டாசியம் ஏறும். இரண்டையும் ஒரே நாளில் அறுத்து ஒரே லாரியில் ஏற்றியிருப்பீர்கள். மேல் பழம் புளிப்பை இழக்க, கீழ் பழம் பொட்டாஷைக் கொண்டுவர, 3.8-க்குப் போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

குழாயைச் சரிவுக்குக் குறுக்கே, சம உயரக் கோட்டில் மாற்றுங்கள், அழுத்தத்தைச் சமன் செய்கிற துளிப்பான் போடுங்கள். செலவுதான், ஆனால் வருஷாவருஷம் வாங்குகிற டானிக் காசை அதில் போடலாம். இந்த வருஷத்துக்கு, கீழ் வரிசைகளில் கொத்தை மூடுகிற இலையைக் கிழக்குப் பக்கம் மட்டும் கிள்ளிவிடுங்கள். மேற்குப் பக்கம் கை வைக்காதீர்கள், பிற்பகல் வெயில் பழத்தைச் சுட்டுவிடும்.

செனின் வேரூன்றிய இடம் பிரான்சின் லுவார் பள்ளத்தாக்கு. அங்கே சவெனியேரில் கூலே த செரான் என்று ஒரு செங்குத்துச் சரிவு, ஏறக்குறைய 7 ஹெக்டேர், 12ஆம் நூற்றாண்டில் துறவிகள் கொடி வைத்த நிலம், இன்றும் செனின் மட்டும்தான். உலகம் மதிக்கிற ஒயின் அது. அங்கேயே அறுவடையை ஒரே மூச்சில் முடிப்பதில்லை, பழுத்ததைப் பார்த்துப் பல நடையாக அறுக்கிறார்கள். உங்கள் 2 ஏக்கருக்கு இரண்டு நடை போதும், ஆலையிடம் இப்போதே சொல்லி வையுங்கள். விடியுமுன் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் பழம் பெட்டியில் இருக்க வேண்டும்.

பிரிக்ஸ் கருவி மட்டும் வைத்துக்கொண்டு தேதி குறிக்காதீர்கள். கையடக்க பி.எச். மானி ஒன்று வாங்கி, பி.எச். 4, 7 என்று குறித்து விற்கிற அளவுக் கரைசல்களில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மேல், நடு, கீழ் மூன்று இடத்திலும் தனித்தனியே, பல கொத்துகளிலிருந்து, வெயில் பக்கமும் நிழல் பக்கமுமாக 100 பழம் எடுத்துப் பிழிந்து பிரிக்ஸ், பி.எச். இரண்டையும் அளந்து, மூன்று நாளைக்கு ஒருமுறை நோட்டில் எழுதுங்கள். இரண்டு அளவு எடுத்ததும் எனக்கு அனுப்புங்கள், மேல் வரிசைக்கு என்றைக்குக் கத்தரி வைப்பது என்று பார்த்துச் சொல்கிறேன்.