வழுவும் வழுவமைதியும்
(வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: ஐயா, திருநெல்வேலி மாவட்டத்துப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது மகன் குடும்பத்தோடு இங்கிலாந்தில், யார்க் நகருக்கு அருகே வசிக்கிறேன். சென்ற ஆண்டு உள்ளூர்த் தோட்டக்கலைச் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்தேன். மனிதர்கள் அன்பானவர்கள். விதையும் நாற்றும் தாராளமாகத் தருகிறார்கள். ஆனால் அவர்கள் அனுப்பும் மாத மடலைப் படிக்கும்போதெல்லாம் என் கை சிவப்பு மையைத் தேடுகிறது. ‘கமிட்டி’ என்ற ஒருமைச் சொல்லுக்குப் பன்மை வினை போடுகிறார்கள். எண்ணக்கூடிய பொருள்களுக்கு ‘ஃபியூயர்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘லெஸ்’ என்கிறார்கள். தக்காளியின் பன்மைக்குக்கூட மேற்குறி (அபாஸ்ட்ரஃபி) வைக்கிறார்கள். ஆங்கிலம் பிறந்த மண்ணிலேயே இப்படியா என்று மனம் ஆறவில்லை. திருத்திச் சொன்னால், வெளியூரிலிருந்து வந்தவள் நமக்கு நம் மொழியைக் கற்றுத்தருகிறாளே என்று நினைப்பார்களோ என்ற தயக்கமும் இருக்கிறது. சந்தாவைப் புதுப்பிக்கும் தேதி நெருங்குகிறது. தொடரலாமா, விலகிவிடலாமா? (வாசகி, யார்க் அருகே)

பதில்: அம்மா, சந்தாவை முதலில் கட்டிவிடுங்கள். விதையும் நாற்றும் மனமுவந்து தருகிற கூட்டத்தை ஒரு மேற்குறிக்காக விட்டுவரக் கூடாது. அதே நேரத்தில், உங்கள் மனத்தாங்கலை அற்பமானது என்று ஒதுக்கவும் எனக்கு மனமில்லை. மெய்ப்புத் திருத்தும் வேலையிலேயே 20 ஆண்டுகளைக் கழித்தவன் என்பதால், அச்சில் ஒரு பிழையைக் கண்டதும் கையில் எழும் பரபரப்பை நான் நன்றாகவே அறிவேன்.

நம் இலக்கணிகள் வழு, வழாநிலை என்று இரண்டோடு நிறுத்திக்கொள்ளாமல், வழுவமைதி என்ற மூன்றாவதையும் வைத்தார்கள். விதிப்படி பார்த்தால் பிழைதான், ஆனாலும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது அது. ஒரே ஒருவரைக் குறிக்க ‘ஆசிரியர் வந்தார்’ என்று பன்மை விகுதியோடு நாள்தோறும் பேசுகிறோம். மதிப்புக் கருதி மொழி அதை ஏற்றுக்கொண்டது. உங்கள் சங்கத்தின் ‘கமிட்டி’யும் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான். குழுவை ஒற்றை அமைப்பாக நினைத்தால் ஒருமை வினையும், அதிலுள்ள ஆட்களை நினைத்தால் பன்மை வினையும் கொடுப்பது பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் நெடுங்காலமாக நிலைபெற்ற வழக்கு. நம் வகுப்பறைகளில் ஒருமை மட்டுமே சரி என்று கற்பித்துவிட்டோம். அங்கே பன்மை வினை பிழையாகவே கருதப்படுவதில்லை. இந்த ஒன்றைப் பட்டியலிலிருந்து இன்றே அடித்துவிடலாம்.

‘லெஸ்’, ‘ஃபியூயர்’ வழக்கிலும் விதிக்கு அவ்வளவு வயதில்லை. எண்ணக்கூடியவற்றுக்கு ‘லெஸ்’ என்று எழுதும் பழக்கம், ஆங்கிலேயர்களின் ஆல்ஃபிரெட் அரசன் காலத்து எழுத்துகளிலேயே, அதாவது ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே இருக்கிறது. 1770ஆம் ஆண்டில் ராபர்ட் பேக்கர் என்பவர், ‘ஃபியூயர்’ என்பது இன்னும் நன்றாக இருக்கும் என்று தம் விருப்பமாக எழுதிவைத்ததைத்தான் பிற்காலத்தார் கட்டளையாக்கினார்கள். நீங்கள் ‘ஃபியூயர்’ என்றே எழுதுங்கள். அது தெளிவான, அழகான வேறுபாடு. மற்றவர் எழுதாததற்காக வருந்த வேண்டியதில்லை.

ஆனால் தோட்டச் சங்கத்தில் கட்டாயம் திருத்தியே ஆக வேண்டிய இடங்களும் உண்டு. ‘மார்ச் 31க்குள் சந்தா செலுத்தாத உறுப்பினர்கள் நீக்கப்படுவார்கள்’ என்ற அறிவிப்பை ஆங்கிலத்தில் எழுதும்போது, ‘உறுப்பினர்கள்’ என்ற சொல்லுக்குப் பின் வரும் அடைத்தொடரின் இரு பக்கமும் கால்புள்ளி இட்டுவிட்டால், எவருமே சந்தா செலுத்தவில்லை, எல்லாருமே நீக்கப்படுவார்கள் என்று பொருள் ஆகிவிடும். இரண்டு கால்புள்ளிகளில் ஒரு சங்கமே கலைந்துபோகிறது. போட்டிக்கான அட்டவணையும் அப்படிப்பட்டதே. இங்கிலாந்தின் காய்கறிக் கண்காட்சிகளில் ‘கைண்ட்’ என்ற சொல்லும் ‘வெரைட்டி’ என்ற சொல்லும் ஒன்றல்ல. பட்டாணி ஓர் இனம், பீன்ஸ் வேறோர் இனம். பட்டாணிக்குள்ளேயே பல ரகங்கள். மூன்று இனம் கேட்ட இடத்தில் ஒருவர் மூன்று ரகப் பட்டாணியைத் தட்டில் அடுக்கி வைத்தால், நடுவர் சுவைத்துக்கூடப் பார்க்காமல் ‘அட்டவணைப்படி இல்லை’ என்று பொருள்படும் மூன்றெழுத்துச் சீட்டை அந்தத் தட்டின் மேல் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். பிப்ரவரி முதல் பாத்தி கட்டிப் பாடுபட்டவரின் உழைப்பு, அட்டவணையில் இவ்விரு சொற்களையும் மாற்றி எழுதியவரின் கவனக்குறைவால் வீணாகலாம். அங்கே உங்கள் சிவப்பு மை ஒரு தருமம்.

இன்னொரு வகையும் உண்டு. ‘இரவு முழுவதும் ஊறி, உறுப்பினர்கள் விதையை நட வேண்டும்’ என்பது போல, எச்சம் ஒரு பக்கமும் எழுவாய் ஒரு பக்கமுமாக நிற்கும் வாக்கியங்கள். நம் ‘செய்து’ என்னும் வகை வினையெச்சத்துக்கும் பெரும்பாலும் எழுவாய் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதால் இந்தப் பிழை நமக்கு உடனே உறுத்துகிறது. ஆனாலும் ஊறியது பட்டாணிதான், உறுப்பினர்கள் அல்லர் என்பதை அந்த ஊரில் எவரும் தவறாகப் புரிந்துகொள்ளப் போவதில்லை. இதை மன்னித்துவிடலாம்.

எப்படிச் சொல்வது என்று தயங்குகிறீர்கள். மெய்ப்புத் திருத்துபவர்கள் ஐயமுள்ள இடத்தில் அடித்து எழுதாமல், ஓரத்தில் ஒரு வினாக்குறி இட்டு, ‘இங்கே கருதுவது இதுதானா?’ என்று ஆசிரியரிடம் கேட்பார்கள். நீங்களும் செயலாளரிடம், அச்சுக்குப் போகும் முன் அட்டவணையை ஒருமுறை படித்துத் தருகிறேன் என்று கேட்டுப்பாருங்கள். வெளிவந்த மடலைத் திருத்தித் திருப்பி அனுப்புவதை மட்டும் செய்யாதீர்கள். ஊதியமில்லாமல், இரவு உணவுக்குப் பிறகு உட்கார்ந்து அந்த மடலைத் தயாரித்தவருக்கு அது தாங்க முடியாத வலி.

வெளியூர்க்காரர் என்ற தயக்கத்துக்குரிய விடை, நீங்கள் இருக்கும் யார்க்கிலேயே இருக்கிறது. அதை அடுத்த வாசகருக்கான பதிலில் சொல்கிறேன்.

கேள்வி: இலக்கணத்துக்கும் தோட்டத்துக்கும் ஏதேனும் தொடர்பு உண்டா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: இருவரைச் சொல்ல விரும்புகிறேன். லிண்ட்லி மரே 1745இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்தவர். 1784இல் இங்கிலாந்துக்கு வந்து, யார்க் நகரை ஒட்டிய ஹோல்கேட்டில் குடியேறினார். தசை வலுவிழந்து நடக்க முடியாமல் போனது. நாளின் பெரும்பகுதியை இருக்கையிலேயே கழித்த அந்த மனிதர் இரண்டைப் பேணி வளர்த்தார்: பல வகைச் செடிகளுக்குப் பேர் பெற்ற ஒரு தோட்டம்; யார்க்கில் இருந்த, குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினரின் பெண்கள் பள்ளிக்காக எழுதத் தொடங்கி 1795இல் வெளியான ஓர் ஆங்கில இலக்கணம். அந்த இலக்கணம் பதிப்பின் மேல் பதிப்பாக இரண்டு நாடுகளிலும் பல தலைமுறைப் பிள்ளைகளின் பாடநூலாக இருந்தது. அவருடைய தோட்டத்துக் கோடை மண்டபம், யார்க்கின் மவுண்ட் பள்ளி வளாகத்துக்கு மாற்றப்பட்டு இன்னும் நிற்கிறது. ஆங்கிலேயப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்தவர் கடல் கடந்து வந்தவர் என்பதை, மேலே எழுதிய அம்மையார் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு மாலை அந்த மண்டபத்தின் பக்கம் போய்வரவும் வேண்டும்.

மற்றவர் வில்லியம் காபெட். 1763இல் இங்கிலாந்தின் ஃபார்னத்தில், எளிய உழவர் வீட்டில் பிறந்தவர். சிறுவனாக ஆயரின் கோட்டைத் தோட்டத்தில் களை பறித்துக்கொண்டிருந்தபோது, லண்டனை ஒட்டிய கியூ அரச தோட்டத்தின் பெருமையைக் கேள்விப்பட்டு, 11 வயதில் தனியாக நடந்தே புறப்பட்டுவிட்டார். வழியில் ரிச்மண்டில், கையில் மிஞ்சியிருந்த மூன்று பென்னிக்கும் இரவு உணவு வாங்காமல், எழுத்தாளர் ஜோனதன் சுவிஃப்டின் ஒரு நூலை வாங்கி, வைக்கோற்போரின் அருகே உட்கார்ந்து, வெளிச்சம் மங்கும் வரை படித்துவிட்டு அங்கேயே உறங்கினார். மறுநாள் கியூவில் வேலை கிடைத்தது. பின்னாளில் படைவீரரானபோது, ராபர்ட் லோத் 1762இல் வெளியிட்ட இலக்கண நூலைக் கையால் படியெடுத்து மனப்பாடம் செய்து, காவலுக்கு நிற்கும் ஒவ்வொரு முறையும் முழுவதையும் தமக்குள் ஒப்பித்துக்கொண்டார். 1818இல் அவரே ஓர் இலக்கணம் எழுதினார். உழுகிற பிள்ளைகளுக்கும் படைவீரர்களுக்கும் மாலுமிகளுக்கும் பயன்பட வேண்டும் என்று எழுதிய அந்த நூலில், அரசரின் நாடாளுமன்ற உரையிலும் அமைச்சர்களின் எழுத்திலும் இருந்த பிழைகளை எடுத்துக்காட்டாக அடுக்கினார். தோட்டக்கலை பற்றியும் தனி நூல்கள் எழுதினார். இலக்கணம் மேட்டுக்குடியின் சொத்து என்று எண்ணுவோருக்கு, மண்வெட்டி பிடித்த கையால் அரசரைத் திருத்திய இந்த மனிதரைத்தான் நான் எப்போதும் காட்டுவேன்.

கேள்வி: கைப்பேசி வந்த பிறகுதான் ஆங்கிலம் இப்படிக் கெட்டுப்போனதா? (வாசகர், மதுரை)

பதில்: 1712இல், மேலே சொன்ன அதே சுவிஃப்ட், ஆங்கிலம் நாளுக்கு நாள் கெட்டுவருகிறது, அதைத் திருத்தி நிலைநிறுத்த ஓர் அமைப்பு வேண்டும் என்று அரசின் தலைமைப் பொறுப்பில் இருந்தவருக்கு எழுதினார். சொற்களை வெட்டிக் குறுக்குவது அவருக்குப் பெரும் வேதனை தந்தது. கும்பலைக் குறிக்கும் ‘மாப்’ என்ற சொல், நீண்ட லத்தீன் தொடரின் வாலறுந்த துண்டு என்று அவர் வெறுத்தார். இன்று மிகக் கண்டிப்பான ஆங்கில ஆசிரியரும் தயங்காமல் எழுதும் சொல் அது.

மேற்குறியின் கதையும் இதே போன்றதே. உடைமைப் பொருளில் வரும் ‘இட்ஸ்’ என்ற சொல்லை மேற்குறியோடு எழுதுவது 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இயல்பான வழக்கம். உயிரொலியில் முடியும் அயற்சொற்களின் பன்மைக்கும் அன்றைய அச்சகங்கள் மேற்குறி இட்டன. அங்காடியில் தக்காளிக்கும் உருளைக்கிழங்குக்கும் மேற்குறி வைப்பதை ‘காய்கறிக் கடைக்காரரின் மேற்குறி’ என்று ஆங்கிலேயர்கள் குறைசொல்கிறார்கள். அந்தக் கடைக்காரருக்கும் ஒரு பழைய மரபு பின்னால் இருக்கிறது. இன்றைக்கு அது வழு என்பதில் ஐயமில்லை. ஆனால் மொழி அழிவதன் அடையாளம் அன்று.

லிங்கன்ஷயரின் பாஸ்டன் ஊரில், ஜான் ரிச்சர்ட்ஸ் என்ற ஓய்வுபெற்ற பத்திரிகையாளர், 2001இல் மேற்குறியைக் காப்பதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார். கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் பணிவாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவர், 2019இல், 96 வயதில், அறியாமையும் சோம்பலும் வென்றுவிட்டன என்று வருந்திச் சங்கத்தை மூடினார். பிறகு வேறொருவர் அதை ஏற்று நடத்துகிறார். அந்த முதியவரின் வருத்தம் எனக்கு உண்மையாகவே நெஞ்சைத் தொடுகிறது. ஒரு சிறு குறிக்காக அத்தனை கடிதங்கள் எழுத, மொழி மேல் எவ்வளவு பாசம் இருந்திருக்க வேண்டும்!

கேள்வி: இங்கிலாந்தில் தோட்டச் சங்க உறுப்பினராவதில் அப்படி என்ன பெருமை? (வாசகி, திருச்சி)

பதில்: பழமையும் தோழமையும்தான். யார்க்கின் பழமையான ‘ஃபிளோரிஸ்ட்’ சங்கம் 1768 முதல் இருக்கிறது. ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி 1804 மார்ச் 7 அன்று லண்டனில், பிக்காடிலி தெருவின் ஒரு புத்தகக் கடையில் கூடிய ஏழு பேரால் தொடங்கப்பட்டது. இவற்றைப் போல ஊருக்கு ஊர் சிறு சங்கங்கள் உண்டு. ஆண்டுச் சந்தா கட்டினால் விதைப் பரிமாற்றம், பேச்சு, கோடைக் கண்காட்சி எல்லாவற்றிலும் பங்கு.

யார்க் சங்கத்தின் பெயரைச் சற்று நின்று பாருங்கள். அன்றைய ஆங்கிலத்தில் ‘ஃபிளோரிஸ்ட்’ என்றால், அழகுக்காகப் பூச்செடிகளை வளர்த்துப் போட்டிக்கு வைப்பவர். இன்று அந்தச் சொல் பூக்கடைக்காரரைக் குறிக்கிறது. சொல்லின் பொருள் தோட்டத்திலிருந்து கடைக்குப் போய்விட்டது. சங்கம் பழைய பெயரோடு தோட்டத்திலேயே இருக்கிறது.

கேள்வி: ஐயா, முதல் கடிதத்தை அனுப்பிய பிறகு ஒரு செய்தி. மே மாத நாற்று விற்பனைக்குப் பெயர்ச்சீட்டு எழுதும் வேலையைச் சங்கத்தில் என்னிடம் தந்திருக்கிறார்கள். செடிப்பெயர்களை எழுதும் முறை என்ன? (யார்க் வாசகி)

பதில்: நல்ல கைகளில்தான் ஒப்படைத்திருக்கிறார்கள். தாவரவியல் பெயரில் முதலில் வரும் பேரினப் பெயரின் முதலெழுத்துப் பெரியது. அடுத்து வரும் சிற்றினப் பெயர் முழுவதும் சிறிய எழுத்து. ரகத்தின் பெயரை ஒற்றை மேற்கோள் குறிகளுக்குள், ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் பெரியதாக எழுதுங்கள். 1959 ஜனவரி 1 முதல் புதிய ரகங்களுக்கு லத்தீன் வடிவில் பெயரிடக் கூடாது என்பது விதி. ஆகவே ரகப் பெயர் பெரும்பாலும் வழக்கு மொழியில்தான் இருக்கும். பிளம் மரத்தின் பெயரில் ‘ப்ரூனஸ்’ என்ற சொல்லின் ஈறு ஆண்பால் போல இருக்க, அடுத்து ‘டொமெஸ்டிக்கா’ என்று பெண்பால் அடை வருவதைக் கண்டு திருத்திவிடாதீர்கள். லத்தீனில் மரங்களின் பெயர்கள் பெரும்பாலும் பெண்பால்; நம் அரசமரமும் அதனால்தான் ‘ஃபைகஸ் ரிலிஜியோசா’ ஆயிற்று. அங்குள்ள தோட்டக்காரர் எவரேனும் தம் செடியை ‘அவள்’ என்று சொன்னாலும் திருத்த வேண்டாம். பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்பதை உவப்பினால் வந்த திணை வழுவமைதி என்று நாம் படித்திருக்கிறோமே, அதுவேதான் இது.

சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள். மை ஒரு கோடை வெயிலிலேயே வெளுத்துவிடும். பென்சில் எழுத்து மழையிலும் வெயிலிலும் நிற்கும். பிளாஸ்டிக் சீட்டாக இருந்தால் வழவழப்பான பக்கத்தை விட்டு, சொரசொரப்பான பக்கத்தில் எழுதுங்கள்.