வாசகர் கேள்வி பதில்: செல் துண்டோடு எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

கேள்வி: வயது 64. பி.எஸ்.ஏ. (புரொஸ்டேட் சுரப்பிக்கான இரத்தச் சோதனை) 6.2 வந்ததால் புரொஸ்டேட்டுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். 2009 இல் இடுப்பிலும் தொடையிலும் பட்ட செல் (எறிகணை) துண்டுகள் இன்னும் உள்ளேதான் இருக்கின்றன. பயமாக இருக்கிறது.
- வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: ஸ்கேனுக்குத் திகதி எடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். "உடம்பில் உலோகம் உண்டா" என்று படிவத்தில் கேட்பார்கள். பலர் இதயத்தில் வைக்கும் கருவியைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து "இல்லை" போட்டுவிடுகிறார்கள். வன்னியில் இந்தத் தவறு நடக்கவே கூடாது. செல்லின் உறை உருக்கு. எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தம் அதை இழுக்கும், சூடும் ஏறலாம்.

முதலில் எக்ஸ்ரே. துண்டு எங்கே என்று அது காட்டும், எந்த உலோகம் என்று காட்டாது. கண், மூளை, முள்ளந்தண்டு, பெரிய இரத்தக்குழாய் ஆகியவற்றுக்குக் கிட்ட இருந்தால் ஆபத்து. சரியான இடத்தை அறிய சி.ரி. தேவைப்படலாம். தசைக்குள் பல வருடம் தழும்போடு இறுகிய துண்டு அசைவது குறைவு. அப்படியானவர்களுக்குக் கதிரியல் வைத்திய நிபுணர் பார்த்து அனுமதிப்பதுண்டு. உள்ளே படுத்திருக்கையில் அந்த இடம் சுட்டாலோ இழுத்தாலோ கையில் தரும் பந்தை உடனே அழுத்துங்கள்.

உங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. துண்டு இடுப்பில் புரொஸ்டேட்டுக்கு அருகே இருந்தால் படத்தில் அந்த இடம் கறுத்து, சுற்றியுள்ளதும் கோணலாகும். அப்படியானால் ஸ்கேனை விட்டுவிட்டு, அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி ஊசியால் தசைத்துண்டு எடுத்துச் சோதிப்பதே வழி. சாதாரண சி.ரி. இதற்கு ஈடாகாது, சுரப்பிக்குள் இருக்கும் சிறு புற்றை அது பிரித்துக் காட்டாது.

போகுமுன் மலம் கழித்துவிட்டுப் போங்கள். மலக்குடலில் காற்று நின்றால் புற்றைக் காட்டும் முக்கியமான படமே நெளிந்துவிடும். சிறுநீரக வருத்தம் இருந்தால் கிறியற்றினின் றிப்போட்டையும் கொண்டுபோங்கள். படம் தெளிவாக வர ஊசியில் மருந்து ஏற்றுவதா என்று அதைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.

கேள்வி: அப்பாவின் றிப்போட்டில் "பைராட்ஸ் 3" என்றிருக்கிறது. புற்றுநோயா?
- வாசகி, மாங்குளம்

பதில்: இன்னும் அப்படிச் சொல்ல முடியாது. பைராட்ஸ் என்பது புரொஸ்டேட் எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்து 1 முதல் 5 வரை போடும் புள்ளி. 1, 2 என்றால் கவலைக்குரிய புற்றுக்கு வாய்ப்புக் குறைவு, 4, 5 என்றால் அதிகம், 3 நடுவில். றிப்போட்டில் சுரப்பியின் அளவு மில்லிலீற்றரில் இருக்கும். பி.எஸ்.ஏ.யை அதனால் வகுத்துப் பாருங்கள். பி.எஸ்.ஏ. 6, சுரப்பி 60 என்றால் 0.10. அதே 6, சுரப்பி 30 என்றால் 0.20. 0.15 இற்கு மேல் போனால் ஊசிச் சோதனைக்கான காரணம் வலுக்கும். சலத்தில் கிருமி இருந்த நேரத்தில் எடுத்த பி.எஸ்.ஏ. என்றால் கணக்கே பிழைக்கும்; மாறி ஆறு கிழமை கழித்துத் திரும்ப எடுங்கள். ஸ்கேனுக்கு முன்னரே ஊசிச் சோதனை செய்திருந்தாலும் அதைச் சொல்ல வேண்டும். உள்ளே கசிந்த இரத்தம் படத்தைக் குழப்பும். குறைந்தது ஆறு முதல் எட்டுக் கிழமை இடைவெளி வேண்டும்.

கேள்வி: நேரே பெட் ஸ்கேன் எடுத்தால் என்ன?
- வாசகர், முழங்காவில்

பதில்: புரொஸ்டேட் புற்றுக்கு எடுக்கும் பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் பெரும்பாலும் புற்று உறுதியான பிறகு, அது நிணநீர்க் கணுவுக்கோ எலும்புக்கோ போயிருக்கிறதா என்று பார்க்கத்தான். 2020 இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வில், அபாயம் கூடிய நோயாளரிடம் இதன் துல்லியம் 92 வீதம், சி.ரி.யும் எலும்பு ஸ்கேனும் சேர்ந்து 65 வீதம். அபாயம் குறைந்த ஆரம்பப் புற்றுக்கு வழமையாக இது தேவைப்படாது. காணியை ஈடுவைத்துக் கொழும்புக்கு ஓடுமுன், ஊசிச் சோதனையில் வந்த கிளீசன் புள்ளி (புற்று எவ்வளவு தீவிரமானது என்று காட்டுவது) எத்தனை என்று வைத்தியரிடம் கேளுங்கள்.