தோப்புக்கு அடிக்கும் மருந்தும் புற்றுநோயும்

கேள்வி: ஐயா, தென்னந்தோப்பில் பத்து வருடமாகக் களைக்கு கிளைபோசேட் அடிக்கிறேன். அது புற்றுநோய் தரும், அமெரிக்காவில் நஷ்டஈடே கொடுத்தார்கள் என்று மகள் பயமுறுத்துகிறாள். நிஜமா?
– விவசாயி, பொள்ளாச்சி

பதில்: வழக்கு நிஜம்தான். கலிபோர்னியாவில் பள்ளி மைதானங்களுக்கு அதை அடித்துவந்த டிவெய்ன் ஜான்சனுக்கு நிணநீர்ப் புற்றுநோய். 2018 ஆகஸ்டில் ஜூரி, அதாவது வழக்கில் முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு, 28.9 கோடி டாலர் நஷ்டஈடு என்றது. மேல்முறையீட்டில் சுமார் 2 கோடியாகச் சுருங்கியது. ஆனால் ஜூரி சொல்வது ஆய்வு முடிவாகாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் கிளைபோசேட்டை '2ஏ' பிரிவில், அதாவது மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் தரக்கூடியது என்று வைத்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையோ அதற்கு வாய்ப்பில்லை என்கிறது. குழப்பம்தான். ஆட்டுக்கறியும் அதே 2ஏ-வில்தான் இருக்கிறது! அந்தப் பட்டியல் கெடுதல் செய்யுமா என்று மட்டும் பார்க்கும். எவ்வளவு பட்டால் என்று சொல்லாது.

உங்கள் விஷயத்தில் அந்த 'எவ்வளவு'தான் முக்கியம். சின்ன வயதில் நானும் லுங்கியோடு, வெறுங்காலில், ஒழுகுகிற டேங்கை முதுகில் சுமந்து அடித்தவன். நனைந்த சட்டையோடு சோற்றில் கை வைப்போம். நீங்கள் அப்படியா? கையுறை, பூட்ஸ், முழுக்கைச் சட்டை வேண்டும். முடித்ததும் சோப்புக் குளியல். அப்புறம், இதைப் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மூலம் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் உத்தரவிட்டது. கடைக்காரர் சொன்னாரா?