சுவரில் ஒரு மலை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலை நிமித்தம் ஆறு மாதமாக புவெனஸ் ஐரிஸில் இருக்கிறேன். அலுவலக நண்பர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அழைத்திருந்தார். அவர் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் இங்கேதான். ஆனால் பாட்டியிடம் ஸ்லோவேனிய மொழியில்தான் பேசுகிறார். கூடத்தில் பெரிய சட்டமிட்ட ஓவியம் ஒன்று இருந்தது. பனி மூடிய மூன்று முகட்டு மலை, கீழே புல்வெளி, ஓரத்தில் நீளமான ஏணியைப் பக்கவாட்டில் நிறுத்திக் கூரை போட்டதுபோல ஏதோ ஒரு மரச்சட்டம். பக்கத்தில் சிறியதாக ஒரு மாதா படம். உண்மையைச் சொன்னால் அந்த மலை எனக்குக் காலண்டர் படம் போலத்தான் தெரிந்தது. ஆனால் பாட்டி அதைக் காட்டிப் பேசும்போது சட்டத்தின் கீழ்மூலையை விரலால் துடைத்துக்கொண்டே இருந்தார். அங்கே தூசி எதுவும் இல்லை. "எட்டு வயதில் இங்கே வந்தேன்" என்று மட்டும் சொன்னார்.

நாட்டை இழந்தவர்களின் ஓவியம் என்றால் இவ்வளவுதானா? ஊரை அழகாக வரைந்து மாட்டிக்கொள்வதா? இவர்களில் பெரிய கலைஞர்கள் யாராவது உண்டா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

முதலில் அந்தப் படத்தில் இருப்பவை என்னவென்று சொல்லிவிடுகிறேன்.

மலை திரிக்லாவ். பெயருக்கே 'மூன்று தலை' என்றுதான் பொருள். 2,864 மீட்டர், ஸ்லோவேனியாவின் மிக உயர்ந்த சிகரம். ஏணி போன்ற மரச்சட்டத்துக்குப் பெயர் கோஸோலெட்ஸ். ஆல்ப்ஸ் அடிவாரத்தில் மழை அதிகம். வெட்டிய புல்லைத் தரையில் போட்டால் அழுகிவிடும். அதனால் தூண்கள் நட்டு, குறுக்குக் கம்புகள் அடுக்கி, மேலே கூரை வேய்ந்து, புல்லை அதில் தொங்கவிட்டுக் காயவைப்பார்கள். குளிர்காலம் முழுக்க மாடுகளுக்கு அதுதான் தீனி. நீங்கள் இருக்கும் பம்பாஸ் சமவெளியில் மாடுகள் ஆண்டு முழுக்க வெளியில் மேய்கின்றன. கோஸோலெட்ஸுக்கு அங்கே வேலையே கிடையாது. கடலைத் தாண்டியதும் அது வெறும் ஓவியப் பொருளாகிவிட்டது.

அந்த மாதா படம் அநேகமாக ப்ரெஸ்யே மாதாவாக இருக்கும். ஸ்லோவேனியர்கள் எந்த நாட்டில் குடியேறினாலும் கோயிலிலும் வீட்டிலும் அந்தப் படம்தான். அதன் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல ஆசை. லெயோபோல்ட் லாயர் என்று ஓர் ஓவியர். நெப்போலியனின் ஆட்கள் அந்தப் பகுதியை ஆண்ட காலத்தில் கள்ள நோட்டு அடித்ததற்காகச் சிறைக்குப் போனார். வெளியே வந்தால் மாதாவுக்குப் படம் வரைவதாக அங்கே நேர்ந்துகொண்டதாகச் சொல்வார்கள். 1814 வாக்கில் ப்ரெஸ்யே கிராமத்துச் சிற்றாலயத்தில் நேர்த்திக்கடனைச் செலுத்தினார். அதற்கு அவர் மாதிரியாக வைத்துக்கொண்டது ஜெர்மானிய ஓவியர் லூகாஸ் க்ரானாக் வரைந்த மாதா. அந்த மூலப்படம் ட்ரெஸ்டனிலிருந்து பாஸ்ஸாவ் போய், கடைசியில் இன்ஸ்ப்ருக் பேராலயத்தில் வந்து நின்றது. லாயரின் படமும் ஒரே இடத்தில் இருக்கவில்லை. இரண்டாம் உலகப்போரில் ப்ரெஸ்யேயை விட்டு வெளியேறி, லுப்லியானா பேராலயத்தில் அடைக்கலம் இருந்து, 1947இல்தான் ஊர் திரும்பியது. 'எங்கள் மண்ணின் மாதா' என்று அவர்கள் கும்பிடும் படம் அந்நியர் ஒருவரின் படத்தைப் பார்த்து வரைந்தது, தானே அகதியாகவும் இருந்தது. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து, படியெடுத்த படம் என்று எதையும் என்னால் சட்டென்று ஒதுக்கிவிட முடிவதில்லை.

சரி, இந்த ஸ்லோவேனியர்கள் ஏன் அர்ஜென்டினாவுக்கு வந்தார்கள்? 1945 மே மாதம். போர் முடிந்து, ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போராடிய கொரில்லாப் படையினரான பார்ட்டிசான்கள் ஆட்சிக்கு வர, ஆயிரக்கணக்கானோர் லுபெல் கணவாய் வழியாக ஆஸ்திரியாவுக்கு ஓடினார்கள். தொமோப்ரான்சி என்னும் உள்ளூர்ப் படையினரும் அவர்களோடு இருந்தார்கள். கம்யூனிஸ்ட் தலைமையிலான பார்ட்டிசான்களுக்கு எதிராக ஜெர்மானிய ஆக்கிரமிப்பாளர்களோடு கைகோத்தவர்கள் இவர்கள். இதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்லக் கூடாது. எல்லோரும் ஆஸ்திரியாவில் வெத்ரினே சமவெளியில் முகாமிட்டார்கள். இத்தாலிக்குக் கொண்டுபோவதாகச் சொல்லி, பிரிட்டிஷ் ராணுவம் ஏறத்தாழ பத்தாயிரம் பேரை ரயிலேற்றி, ஸ்லோவேனியா அப்போது சேர்ந்திருந்த யூகோஸ்லாவியாவிடம் ஒப்படைத்தது. அவர்களில் பெரும்பாலானோர் விசாரணை இல்லாமல் கொல்லப்பட்டு, காட்டுக் குழிகளிலும் கைவிடப்பட்ட சுரங்கங்களிலும் போடப்பட்டார்கள். மிஞ்சிய குடும்பங்கள் சில ஆண்டுகள் முகாம்களில் கிடந்தன. 1947க்குப் பிறகு சுமார் ஆறாயிரம் பேர் அர்ஜென்டினாவுக்குக் கப்பலேறினார்கள். அந்தப் பாட்டியும் அப்படி வந்த குழந்தைகளில் ஒருவராக இருக்கலாம்.

அவர்கள் கூட்டத்தில் பாரா ரெமெட்ஸ் என்ற பெண் இருந்தார். 1910இல் லுப்லியானாவில் பிறந்து, ஸாக்ரெப் கலைக்கழகத்தில் படித்தவர். உங்கள் கடைசிக் கேள்விக்கு நான் சொல்லும் முதல் பெயர் இவருடையது.

1949இல் புவெனஸ் ஐரிஸில் ஒரு புத்தகம் வந்தது. 'கொல்லப்பட்ட ஸ்லோவேனியர்களுக்கான பெரிய கருப்புப் பூசை' என்று தலைப்பு. கருப்புப் பூசை என்றால் இறந்தவர்களுக்காக நடத்தும் பூசை. தீனே தெபெல்யாக் என்ற கவிஞர் யெரெமியா காலின் என்ற புனைபெயரில் எழுதிய நீண்ட இரங்கற்பா. எருசலேமுக்காகப் புலம்பிய பைபிள் தீர்க்கதரிசி எரேமியாவின் பெயரை எடுத்துக்கொண்டிருக்கிறார் பாருங்கள். அதற்குப் படம் வரைந்தவர் ரெமெட்ஸ். அப்போது அந்தக் குடும்பங்களின் நிலையை யோசியுங்கள். மகன் எந்தக் குழியில் கிடக்கிறான் என்று தெரியாது. தெரிந்தாலும் அங்கே ஒரு சிலுவை நட முடியாது, மெழுகுவத்தி ஏற்ற முடியாது. ஊரில் அதைப் பற்றி வாய் திறக்கக்கூட முடியாது. பொதுவில் அவர்களுக்காகப் பூசை நடக்க 1990 ஜூலை வரை ஆயிற்று. கல்லறை இல்லாத இடத்தில் அச்சிட்ட ஒரு பக்கம்தான் கல்லறையாக இருந்திருக்கிறது. அந்தப் படங்களைக் கலை விமர்சகனாக இருந்து மதிப்பிட எனக்கு மனம் வரவில்லை.

1954இல் புவெனஸ் ஐரிஸில் 'ஸ்லோவேனிய கலாசார நடவடிக்கை' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். இதழ், நூல்கள், கண்காட்சிகள் என்று அது இயங்கியது. கலைப்பள்ளி ஒன்றும் நடத்தியது. ரெமெட்ஸ் அங்கே கற்பித்தார். கையில் காசில்லாமல் தச்சு வேலைக்கும் ஆலை வேலைக்கும் போய்க்கொண்டிருந்த அகதிகள் ஓவியப் பள்ளி நடத்தியிருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமிதமாக இருக்கிறது. எனக்கும் அவர்களுக்கும் ஒரு உறவும் இல்லை. ஆனாலும் அப்படித்தான்.

அப்புறம் ரெமெட்ஸ் பரிலோச்சேக்குப் போனார். ஆண்டிஸ் மலையடிவாரம், ஏரிக்கரை. ஸ்லோவேனிய மலையேறிகள் பலர் அங்கே குடியேறியிருந்தார்கள். கதெட்ரால் மலைத்தொடரில் ஊசிபோல நிற்கும் ஒரு பாறைக்கு இன்றும் 'ஸ்லோவேனிய மணிக்கூண்டு' என்ற பொருளில்தான் பெயர். ஜன்னலைத் திறந்தால் பனிமலை தெரியும் ஊர். அங்கே உட்கார்ந்து திரிக்லாவை வரைந்து தள்ளியிருக்கலாம், எல்லோர் வீட்டிலும் வாங்கி மாட்டியிருப்பார்கள். ஆனால் அவர் வரைந்தது ஆண்டிஸ் பழங்குடிகளை.

பிரதிகளாகத்தான் அந்த ஓவியங்களைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அவைதான் அவருடைய உண்மையான அகதி ஓவியங்கள் என்று எனக்குப் படுகிறது. 1878க்குப் பின் சில ஆண்டுகளில் அர்ஜென்டின ராணுவம் படையெடுத்து, பட்டகோனியாவின் பழங்குடிகளைக் கொன்றும் துரத்தியும் நிலத்தைப் பிடுங்கிக்கொண்டது. எஞ்சியவர்கள் சொந்த மண்ணிலேயே அந்நியர்களாக நின்றார்கள். கடல் கடந்து வந்த ஓர் அகதிப் பெண் அந்த முகங்களின் எதிரே உட்கார்ந்து தூரிகையை எடுத்திருக்கிறார். அவர் மனதில் என்ன நினைத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. வேறொருவரின் இழப்பை அவ்வளவு நேரம் கூர்ந்து பார்க்க, இழப்பென்றால் என்னவென்று கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஊரைப் பற்றி ஒரு கோடுகூட இல்லாத படத்தில் ஊரை இழந்தவரின் கண் இருக்கிறது.

ஃப்ரான்ஸே கோர்ஷேவையும் சொல்ல வேண்டும். 1897இல் பிறந்த சிற்பி. 1945க்குப் பிறகு இத்தாலி, அங்கிருந்து அமெரிக்காவில் க்ளீவ்லாந்து, நியூயார்க். ஏராளமான திருவுருவங்கள் செதுக்கினார். முதுமையில் ஐரோப்பா திரும்பி, ஆஸ்திரியாவில் ஸ்லோவேனிய மொழி பேசும் ஸ்வேச்சே கிராமத்தில் தங்கினார், தன் சிற்பங்களை அங்கே காட்சிக்கு வைத்தார். அந்தக் கிராமத்துக்குத் தெற்கே கரவாங்கே மலைத்தொடர் சுவர்போல எழுந்து நிற்கிறது. அதற்கு அந்தப் பக்கம் ஸ்லோவேனியா. வரைபடத்தில் அந்த ஊரைப் பார்த்தபோது கொஞ்ச நேரம் வேறெதுவும் ஓடவில்லை எனக்கு.

ஆஸ்திரேலியா போன ஸ்தானிஸ்லாவ் ராப்போதெட்ஸ் பெயர் வாங்கியது அரூப ஓவியத்தில். பெரிய வெள்ளியைப் பற்றிய ஓவியத்துக்காக 1961இல் சமயக் கலைக்கான அந்நாட்டின் ப்ளேக் பரிசு பெற்றார்.

அந்தக் காலத்தில் ஊரில் இவர்களைப் பற்றி அதிகம் பேச்சே இல்லை. புலம்பெயர்ந்தவர்களின் நூல்கள் யூகோஸ்லாவியாவில் தடை செய்யப்பட்டிருந்தன. லுப்லியானாவின் தேசிய நூலகம் அவற்றை வாசகர் கைக்குப் போகாதபடி தனி அறையில் பூட்டி வைத்தது. பூட்டியாவது வைத்தார்கள், எரிக்கவில்லை. இதில் இன்னொன்று: அவர்கள் தப்பி ஓடிவந்த அந்த சோஷலிசக் குடியரசின் சின்னத்திலும் திரிக்லாவ்தான் இருந்தது. சுட்டவர்களும் சுடப்பட்டவர்களும் ஒரே மலையைத்தான் தங்கள் மலை என்றார்கள். 1991இல் சுதந்திரம் வந்தபோது புதுக் கொடியிலும் அதே மலை.

இப்போது உங்கள் காலண்டர் படம். பெரிய ஓவியம் அல்ல என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அதை ஓவியமாக எடைபோட வேண்டியதில்லை என்றும் நினைக்கிறேன். கடிதத்தின் மேல் எழுதும் முகவரிக்கு அழகான கையெழுத்தா என்று பார்க்கமாட்டோம், சரியான இடத்துக்குப் போய்ச் சேருமா என்றுதான் பார்ப்போம். புவெனஸ் ஐரிஸில் சனிக்கிழமைகளில் ஸ்லோவேனியப் பள்ளிகள் நடக்கின்றன. ஒரு மேடுகூட இல்லாத ஊரில் பிறந்த பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து மூன்று தலை மலையை வரைகிறார்கள். ரெமெட்ஸ் பழங்குடி முகங்களைத் தேடிப் போக முடிந்ததற்கு, மலையைப் பார்த்துக்கொள்ள மற்ற வீடுகளில் ஆள் இருந்ததும் ஒரு காரணமோ என்று தோன்றுகிறது.

ராமோன் ஃபால்கோன் தெருவில் ஸ்லோவேனிய இல்லம் இருக்கிறது. நண்பரோடு ஒரு ஞாயிறு போய்வாருங்கள்.

அப்புறம் பாட்டியை மறுபடி பார்க்கும்போது ஒன்று கேளுங்கள். திரிக்லாவ் எல்லாப் பக்கமும் ஒன்றுபோலத் தெரியாது. வடக்கே வ்ராத்தா பள்ளத்தாக்கிலிருந்து பார்த்தால் செங்குத்தான பெரும் பாறைச்சுவர். தெற்கே போஹின் என்ற ஊர்ப் பக்கம் வேறு மலை, க்ரான் சமவெளியிலிருந்து தொலைவில் தெரிவது இன்னொரு மலை. அந்தப் படம் எந்தப் பக்கத்திலிருந்து வரைந்தது, அவர் வீடு அதில் எங்கே வரும் என்று கேளுங்கள். அவர் விரல் துடைத்த அந்தக் கீழ்மூலையாக இருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். தெரிந்தால் எழுதுங்கள்.